பிளேட்லெட் கோளாறு உள்ளவர்களுக்கு மாரடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மாவுக்குப் பல வருடங்களாக ஐ.டி.பி. என்ற பிளேட்லெட் குறைபாடு உண்டு. பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணு. அதன் எண்ணிக்கை, அதாவது கவுண்ட், 40,000-க்கும் 60,000-க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் கனக்கிறது என்றார். வீட்டில் ஒருவருக்கும் மாரடைப்பு என்று தோன்றவில்லை. "இவளுக்குத்தான் ரத்தமே உறையாதே, அட்டாக் எப்படி வரும்?" என்றார் பெரியப்பா. நாங்களும் தலையாட்டினோம். ஓமத் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரத்தைப் போக்கினோம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் செத்துப்போன இதயத் தசை திரும்பவில்லை.

அதன் பிறகு இதே நோயோடு வாழும் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், ரத்தநோய் மருத்துவர்களிடமும் இதய மருத்துவர்களிடமும் நான் கேட்டுப் புரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை.

பிளேட்லெட் குறைவாக இருந்தால் ரத்தம் உறையாதே, மாரடைப்பு எப்படி வரும்?

எங்கள் பெரியப்பா கேட்டதும் இதைத்தான். "ரத்தம் மெலிசு" என்று நாம் பழக்கத்தில் சொல்வதால் வரும் குழப்பம் இது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் உட்சுவரில் வருடக்கணக்கில் கொழுப்பு படிந்து மேடு தட்டுகிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, கெட்ட கொழுப்பு, குடும்ப வழி ஆகியவை அந்த மேட்டை வளர்க்கின்றன. உங்கள் கவுண்ட் குறைவு என்பதற்காக இவற்றில் ஒன்றும் ஒதுங்கிப் போவதில்லை. ஒருநாள் அந்த மேட்டின் மேல்மூடி கிழிகிறது. உடம்பு அதை வெட்டுக்காயம் என்றே எடுத்துக்கொள்கிறது. பிளேட்லெட்டுகள் ஓடிவந்து ஒட்டுகின்றன, தங்களுக்குள் இருக்கும் ரசாயனங்களை உமிழ்ந்து மற்றவற்றையும் கூப்பிடுகின்றன. அரிவாள்மணையில் விரல் பட்டால் நம்மைக் காக்கிற அதே வேலைதான். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்க்குள் அது நடக்கும்போது வழி அடைபட்டுப் போகிறது.

கவுண்ட் 50,000 என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 50,000. உடம்பில் ஓடும் ஐந்து லிட்டருக்கும் கணக்குப் போட்டால் 25,000 கோடி பிளேட்லெட்டுகள். சிறிய தமனி ஒன்றை அடைக்க அது தாராளம்.

இன்னொன்றும் உண்டு. ஐ.டி.பி.யில் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் பிளேட்லெட்டுகளையே அழிக்கிறது. ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை புதியவற்றை அவசரமாக அனுப்புகிறது. இந்த இளம் பிளேட்லெட்டுகள் அளவில் பெரியவை, ஒட்டும் துடிப்பும் அதிகம். ஆகவே எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொன்றின் வீரியம் கூடிவிடுகிறது. ஐ.டி.பி. உள்ளவர்களுக்கு ரத்தக்கட்டு ஏற்படும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்றே பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்தக்கசிவும் வரலாம், ரத்தக்கட்டும் வரலாம். ஒன்று இருந்தால் மற்றது வராது என்ற எண்ணத்தை இந்த நோய் உள்ள வீடுகளில் இருந்து முதலில் அகற்ற வேண்டும்.

சரியான கவுண்ட் எவ்வளவு?

பெரும்பாலான ஆய்வகங்கள் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை என்று அச்சிடுகின்றன. ஒரு பிளேட்லெட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள். அதனால் கவுண்ட் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள்.

சிலருக்கு ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்தே பிளேட்லெட்டுகளைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துவிடும். இயந்திரம் ஒரு கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது, ரிப்போர்ட்டில் 30,000 என்று வரும். உண்மையில் அவருக்கு இரண்டு லட்சம் இருக்கலாம். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தும் பார்ப்பார்கள். இந்தப் பொய்க் குறைவை நம்பி, மாரடைப்பு வந்தவருக்கு ஆஸ்பிரினை மறுப்பது பெரிய ஆபத்து. "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று கேட்க நோயாளிக்கும் உரிமை உண்டு.

மேற்கு வங்கம், வடகிழக்குப் பகுதிகளில் பிறவியிலேயே பெரிய அளவு பிளேட்லெட்டுகளும் குறைந்த கவுண்டும் கொண்ட ஆரோக்கியமான மனிதர்கள் பலர் இருக்கிறார்கள். ஹாரிஸ் பிளேட்லெட் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர். அவர்களுக்கு ரத்தக்கசிவுத் தொல்லை கிடையாது.

ஐ.டி.பி.க்குக் கொடுக்கும் மருந்துகளே இதயத்தைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். அதற்காகப் பயந்து மருந்தை விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் போனால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எடை கூடும். மூன்றும் தமனியில் மேடு வளர்க்கும் வேலையைத்தான் செய்கின்றன. இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து ரத்தத்தின் பாகுத்தன்மையைக் கூட்டும் என்பதால், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு மெதுவாக ஏற்றுவார்கள். எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் போன்றவை மஜ்ஜையைத் தூண்டிக் கவுண்டை ஏற்றுபவை. இவற்றில் ரத்தக்கட்டு ஆபத்து உண்டு என்பது மருந்துப் பெட்டியிலுள்ள தாளிலேயே அச்சாகியிருக்கும். அதனால்தான் ரத்தக்கசிவைத் தவிர்க்கப் போதுமான அளவுக்கு, பொதுவாக 50,000-க்கு மேல், கவுண்டை நிறுத்தப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு லட்சம் வரவில்லையே என்று மருத்துவரை நச்சரிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எனக்குக் கவுண்ட் ஆறு லட்சம். மாரடைப்பு வருமா?

ஏன் ஏறியது என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 8 என்றும் பிளேட்லெட் ஐந்தாறு லட்சம் என்றும் சேர்ந்தே வரும். கிருமித் தொற்று, மூட்டழற்சி, மண்ணீரலை எடுத்த பிறகு என்று வேறு காரணங்களும் உண்டு. மூல காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் கவுண்ட் தானாக இறங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது, மஜ்ஜையிலேயே கோளாறு ஏற்பட்டுக் கட்டுப்பாடில்லாமல் உற்பத்தி நடக்கும் நிலை. எசென்ஷியல் த்ரோம்போசைத்தீமியா என்பார்கள். தொடர்ந்து 4.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் இதைச் சந்தேகிப்பார்கள். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஜாக்-2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அது 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கேல்ரெட்டிகுலின் மரபணு மாற்றம் 2013-இல் தெரியவந்தது. ஜாக்-2 மாற்றம் இருந்தால் ரத்தக்கட்டு ஆபத்து கூடுதல். 60 வயதைத் தாண்டியவர்கள், முன்பே ஒருமுறை ரத்தக்கட்டு வந்தவர்கள், சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் அப்படியே.

இந்த நோயின் முதல் அறிகுறியே சிலருக்கு மாரடைப்பாக வந்துவிடுகிறது. முப்பது, முப்பத்தைந்து வயதில், சர்க்கரையோ புகைப்பழக்கமோ இல்லாத ஒருவருக்கு அட்டாக் வந்தால், அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் வரியை ஒருமுறை பாருங்கள். அட்டாக்கின் அதிர்ச்சியால் ஏறியிருக்கும் என்று முதல் முறை விட்டுவிடலாம். சில வாரம் கழித்தும் இறங்கவில்லையென்றால் ரத்தநோய் மருத்துவரிடம் போங்கள். உள்ளங்காலும் விரல்களும் சிவந்து தீப்பட்டதுபோல எரிவது, தலைவலி, பார்வை மின்னுவது ஆகியவையும் இந்த நோயின் அடையாளங்கள்.

சிகிச்சை உண்டு. குறைந்த அளவு ஆஸ்பிரின், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அதோடு மஜ்ஜையின் உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா. 1995-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் அதிக ஆபத்துள்ள 114 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஹைட்ராக்ஸியூரியா எடுத்தவர்களில் 3.6 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கும் ரத்தக்கட்டு வந்தது. கீமோ மாத்திரை என்ற பெயரைக் கேட்டு மிரண்டு இதைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைக்க வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கவுண்ட் பத்து லட்சத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழாவதும் உண்டு. ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதத்தை அத்தனை பிளேட்லெட்டுகளும் சேர்ந்து காலிசெய்துவிட, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும். அப்போது ஆஸ்பிரின் ஆபத்து. அதனால் அந்த உயரத்தில் இருப்பவர்கள் தாங்களாக ஆஸ்பிரின் தொடங்கக் கூடாது.

நெஞ்சு வலி வந்தால் வீட்டில் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாமா?

பிளேட்லெட் கோளாறு இல்லாத, ஆஸ்பிரின் அலர்ஜியோ வயிற்றுப்புண் ரத்தக்கசிவோ இல்லாத ஒருவருக்கு அது உயிர் காக்கும் மாத்திரை. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள் இருந்தார்கள். மாரடைப்புக்குப் பின் ஒரு மாதம் ஆஸ்பிரின் எடுத்ததாலேயே இதய, ரத்தநாள மரணங்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைந்தன.

உங்களுக்குப் பிளேட்லெட் கோளாறு இருந்தால் இந்தக் கேள்வியை வலி வரும் நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். அடுத்த செக்கப்பிலேயே உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள்: "எனக்கு நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பிரின் போடலாமா? கவுண்ட் எவ்வளவுக்குக் கீழே போனால் போடக் கூடாது?" அவர் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்ட் 60,000 உள்ள ஐ.டி.பி. நோயாளிக்கு ஒரு பதிலும், 8,000 உள்ளவருக்கு வேறொரு பதிலும் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அருமையான திட்டம். ஆனால் முதல் இரண்டும் பிளேட்லெட்டைக் கட்டிப்போடும் மருந்துகள். மாத்திரையைக் கையில் வாங்கும் முன் "எனக்குப் பிளேட்லெட் நோய் இருக்கிறது, கடைசி கவுண்ட் இவ்வளவு" என்று நர்சிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பார்கள். சொல்லாமல் விழுங்குவதும் தவறு, அந்தப் பயத்தில் அங்கே போகாமல் வீட்டிலேயே கிடப்பது அதைவிடப் பெரிய தவறு.

இதோடு ஒன்று. நெஞ்சு வலியைக் கேஸ் டிரபிள் என்று நினைத்துத் தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கவுண்ட் குறைந்தவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். ஈ.சி.ஜி. எடுக்காமல் எந்த ஊசிக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

கவுண்ட் குறைந்தவருக்கு ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்வார்களா?

செய்கிறார்கள். என் பெரியம்மாவுக்குச் செய்தபோது கவுண்ட் 46,000. தொடையில் குழாய் நுழைக்காமல் மணிக்கட்டு வழியாகப் போனார்கள். அங்கே ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்தியே நிறுத்திவிடலாம், தொடையில் கசிந்தால் உள்ளுக்குள் எவ்வளவு போகிறது என்றே சட்டெனத் தெரியாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவையும் குறைத்தார்கள்.

அதற்குப் பிறகு எந்த மாத்திரை என்பதில்தான் இரண்டு துறை மருத்துவர்களும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் கவுண்ட் குறைந்தவர்களுக்காக 2022-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியில் சில எல்லைகள் உண்டு: 10,000-க்குக் கீழே ஆஸ்பிரின் வேண்டாம், 30,000-க்குக் கீழே குளோபிடோக்ரெல் வேண்டாம், 50,000-க்குக் கீழே இன்னும் வீரியமான டிக்காகிரெலரும் பிரசுகிரெலும் வேண்டாம். மற்ற பிளேட்லெட் நோய்களுக்கும் மருத்துவர்கள் இவற்றை ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பிரினையும் மற்றவற்றில் ஒன்றையும் சேர்த்து இரண்டு மாத்திரைகளாகப் பன்னிரண்டு மாதம் தொடர்வது பொது வழக்கம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் புதுவகை ஸ்டென்ட்டுகளை வைத்துச் சில மாதங்களிலேயே, சில சமயம் ஒரே மாதத்தில், ஒன்றை நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றில் ரத்தம் கசியாமல் இருக்க அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேரும்.

ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி வேறு விஷயம். அது உடம்பு முழுவதும் வேலை செய்யும், மூளையில் கசிவு வந்தால் கையில் பிடிக்க முடியாது. கவுண்ட் வெகுவாகக் குறைந்தவருக்கு அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். ஆகவே இந்த நோயாளிகள் முடிந்தவரை ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போவது நல்லது. அது எது, எவ்வளவு தூரம் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

அட்டாக்குக்கு அட்மிட் ஆனபோது கவுண்ட் நன்றாக இருந்தது, ஐந்தாம் நாள் பாதியாகிவிட்டது. ஏன்?

ஹெப்பாரினைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் இது. அந்த மருந்து தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் கவுண்ட் பாதிக்கு மேல் விழுந்தால், உடம்பு அதற்கு எதிராக ஒரு ஆன்டிபாடியை உண்டாக்கியிருக்கலாம். அது பிளேட்லெட்டுகளை முறுக்கேற்றி ஒட்டவைக்கும். கவுண்ட் சரிகிற அதே வேளையில் புதிய ரத்தக்கட்டுகள் உருவாகும், வைத்த ஸ்டென்ட்டேகூட அடைபடலாம். எல்லா வடிவ ஹெப்பாரினையும் நிறுத்திவிட்டு வேறு வகை உறைதடுப்பு மருந்துக்கு மாற்றுவார்கள். மூன்று மாதத்துக்குள் ஏற்கெனவே ஹெப்பாரின் போட்டிருந்தால் முதல் நாளே விழலாம் என்பதால், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போங்கள்.

பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்க ஆஞ்சியோவின்போது சிலருக்குக் கொடுக்கும் டிரோஃபிபான், எப்டிஃபிபடைடு வகை மருந்துகளால் சில மணி நேரத்தில் கவுண்ட் திடீரென்று விழுவதும் உண்டு. நிறுத்தினால் சில நாட்களில் ஏறிவிடும்.

பிளேட்லெட் ஏற்றினால் சரியாகிவிடாதா?

கவுண்ட் குறைந்ததும் சொந்தக்காரர்கள் டோனர் தேடி ஓடுவதைப் பார்க்கிறோம். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் ஹெப்பாரினால் விழுந்த கவுண்டுக்குப் பிளேட்லெட் ஏற்றினால் கட்டு அதிகமாகலாம். ஐ.டி.பி.யில் ஏற்றியது சில மணி நேரத்தில் அழிந்துபோகும், உயிருக்கு ஆபத்தான கசிவு இருந்தால் மட்டும் ஏற்றுவார்கள்.

பிளேட்லெட் ஏற்றத் தயங்கும் மூன்றாவது நோய் டி.டி.பி. 1924-இல் நியூயார்க் மருத்துவர் மோஷ்கோவிட்ஸ் பதினாறு வயதுப் பெண்ணிடம் முதன்முதலில் விவரித்தது. உடம்பெங்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் பிளேட்லெட் கட்டிகள் அடைத்துக்கொள்ளும், இதயத் தசையிலும்தான். நெஞ்சு வலியே இல்லாமல், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருக்கும். ஆஞ்சியோ எடுத்தால் பெரிய தமனிகள் சுத்தமாக இருக்கும். முன்பு பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை வந்த பிறகு பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கவுண்ட் குறைவு, ரத்தசோகை, குழப்பமான பேச்சு, காய்ச்சல் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஸ்டென்ட் வைத்தவருக்கு டெங்கு வந்தால் ஆஸ்பிரினை நிறுத்த வேண்டுமா?

ஐப்பசி மழை தொடங்கினால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும். ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் மாத்திரையை நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து. ஐந்து வருடம் ஆகிவிட்டது என்றால் சில நாள் நிறுத்துவதில் பெரிய ஆபத்து இருக்காது. கவுண்ட், கசிவு, ஸ்டென்ட்டின் வயது மூன்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஆகவே ஸ்டென்ட் வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே போய் ரத்தம் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். பப்பாளி இலைச் சாற்றை நம்பி இதய மருந்து பற்றிய முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறவியிலேயே பிளேட்லெட் வேலை செய்யாதவர்களுக்கு?

1918-இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மேன் கண்ட நோய் அது. கவுண்ட் சரியாக இருக்கும், பிளேட்லெட்டுகளால் ஒன்றோடொன்று கைகோக்க முடியாது. கோக்கும் அந்தப் புரதம் பிறவியிலேயே இல்லை அல்லது பழுது. அத்தை மகள், மாமன் மகன் உறவில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அதிகம் என்பதால் தென்னிந்தியாவிலும் காணப்படுகிறது.

இவர்களுக்கு மாரடைப்பு மிக அரிது. ஆனால் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்து பார்த்தபோது இவர்களுக்கும் கொழுப்பு மேடு இருந்தது. ஆகவே சர்க்கரையையும் கொழுப்பையும் இவர்களும் கவனிக்கத்தான் வேண்டும். இந்த நோயாளிகளின் ரத்தம் மருத்துவ உலகத்துக்குச் செய்த உதவி பெரியது. அவர்களிடம் இல்லாத புரதத்தையே மற்றவர்களிடம் மருந்தால் சிறிது நேரம் முடக்கினால் மாரடைப்பைத் தடுக்கலாமே என்று அமெரிக்க மருத்துவர் பேரி காலர் யோசித்தார். அப்படி வந்த அப்சிக்சிமாப் 1994-இல் அங்கே அனுமதி பெற்றது. மேலே சொன்ன டிரோஃபிபானும் அதே வழியில் வந்ததுதான். வாழ்நாள் முழுதும் ஈறில் ரத்தத்தோடு வாழும் பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன் இது.

ஈறில் ரத்தம் வருகிறது, பல் பிடுங்க வேண்டும். மாத்திரையை நானே நிறுத்தலாமா?

கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் மாத்திரை நின்றால் ஸ்டென்ட் திடீரென அடைபடலாம். மருத்துவருக்கு போன் செய்யுங்கள். கறுப்பாக மலம், தாங்க முடியாத தலைவலி என்றால் போனும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு.

பையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

பெரியம்மா இப்போது கைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். லேமினேட் செய்தது. நோயின் பெயர், கடைசி மூன்று கவுண்ட்டும் தேதியும், சாப்பிடும் மருந்துகள், ஸ்டென்ட் வைத்த தேதி, எந்த மருந்துக்கு அலர்ஜி, ரத்தநோய் மருத்துவர், இதய மருத்துவர் இருவரின் எண்கள். கீழே சிவப்பு மையில் இரண்டு வரி: "தசையில் ஊசி போட வேண்டாம். நெஞ்சு வலி என்றால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கவும்." கவுண்ட் மாறும்போதெல்லாம் பெரியப்பாதான் புது எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மேலே ஒட்டுகிறார். 108 எண்ணையும் அட்டையின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதியவர் அவரே.